கேபிளை நிறுத்தினால் அப்பாவுக்குச் செய்தி வருமா?

கேள்வி: ஐயா, கடையநல்லூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் பெற்றோர் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 79 வயது. அவர் பார்ப்பதெல்லாம் தூர்தர்ஷன் தமிழ்ச் செய்தி, பழைய பாட்டு, நாடாளுமன்றம் கூடினால் அதன் நேரலை, இந்திய அணி ஆடினால் கிரிக்கெட். இதற்காக மாதம் 250 ரூபாய் கேபிளுக்குக் கட்டுகிறோம். வாரத்தில் இரண்டு நாள் கேபிள் வருவதில்லை. மொட்டை மாடியில் பழைய ஆண்டெனா நிற்கிறது. அதை இணைத்துப் பார்த்தோம், வெறும் இரைச்சல்தான். "ஃப்ரீ டிஷ் வட நாட்டுக்காரர்களுக்கு, இந்திதான் வரும்" என்கிறார் டவுன் கடைக்காரர். இன்னொருவர் 3,500 ரூபாய் கொடுத்தால் எல்லாத் தமிழ்ச் சேனலும் ஆயுள் முழுக்க இலவசம் என்கிறார். மலை மறைப்பதால் சிக்னலே கிடைக்காது என்கிறான் தம்பி. எப்போதோ வாங்கிய டிடிஎச் குடை ஒன்றும் மாடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது. இவர்களில் யார் சொல்வதை நம்புவது?
– வாசகி, சென்னை.

பதில்: மூவரில் ஒருவர் சொல்வது பாதி உண்மை, ஒருவர் சொல்வது பொய், உங்கள் தம்பி சொல்வது வேறு காலத்து உண்மை. அப்பா பார்ப்பவை அநேகமாக அத்தனையும், தூர்தர்ஷனின் இலவசக் குடைச் சேவையான ஃப்ரீ டிஷ்ஷில், மாதக் கட்டணம் ஒரு பைசாவும் இல்லாமல் அந்தக் கிராமத்தில் கிடைக்கும். ஒருமுறைச் செலவு சுமார் 2,000 ரூபாய். பழைய குடை உதவினால் அதிலும் குறையும். ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான விவரம் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கடைசியில் கேட்கிறேன்.

முதலில் அந்த ஆண்டெனா. அதைப் பற்றி இரண்டு வரியில் முடிக்க எனக்கு மனம் வராது. நான் இந்தத் தொழில் பழகியதே ஆண்டெனா கட்டித்தான். 1984இல் பாளையங்கோட்டையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்றே தொடங்கிவிட்டது என்றாலும், தெற்கே இருந்த எங்களுக்கு அது எட்டாத ஊர்க் கல்யாணம் போலத்தான். எங்களுக்கு முதலில் தெரிந்த தொலைக்காட்சி இலங்கையின் ரூபவாகினி. 1982இல் தொடங்கிய அந்த நிலையத்தின் கோபுரங்களில் ஒன்று நுவரெலியாவுக்கு மேலே 2,524 மீட்டர் உயரத்தில், பிதுருதலாகல மலையுச்சியில் நிற்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால்தான் கடலைத் தாண்டி நம் மாடி வரைக்கும் அலை எட்டியது. நாங்கள் இருபதடிக் குழாயில் ஆண்டெனாவைக் கட்டி, கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளித் திருப்பி வைப்போம். மாடியில் ஒருவர் குழாயைத் திருக, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து, போய்விட்டது" என்று கத்துவார். சிங்களம் ஒரு சொல்லும் புரியாமல் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது. அந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பிறகு கொடைக்கானல் மலையில் தூர்தர்ஷனின் உயர்சக்தி நிலையம் வந்தது. தென் மாவட்டத்து ஆண்டெனாக்கள் வடக்கே திரும்பின. உங்கள் வீட்டு ஆண்டெனாவும் அந்தக் காலத்தது என்றால் வடக்கே பார்த்துத்தான் நின்றுகொண்டிருக்கும். பழுதாகி இருக்கவேண்டும் என்பதில்லை. அது கேட்டுக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஆண்டெனாவுக்கு வரும் பழைய தரைவழி அனலாக் ஒளிபரப்பை, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி படிப்படியாக மூடிக்கொண்டே வந்து, 2022 மார்ச் மாதத்துக்குள் எல்லைப்பகுதி போன்ற முக்கியமான சுமார் 50 இடங்கள் நீங்கலாக நாடு முழுவதும் நிறுத்திவிட்டது. 2016இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கப்பட்டது. அது நகரத்தைச் சுற்றிய சமாச்சாரம், தென்காசி மாவட்டத்துக்கு எட்டாது. ஆகவே பூஸ்டர் மாட்டினால் வரும், புது ஆண்டெனா வாங்கினால் வரும் என்று யாராவது சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

ஒரு வேடிக்கை பாருங்கள். தூர்தர்ஷன் தமிழ்ச் சேனலுக்குப் 'பொதிகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பொதிகை மலை உங்கள் மாவட்டத்துக்கு ஒட்டிய தொடர். மலையடியில் இருந்துகொண்டு பொதிகை வரவில்லை என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். 2024 ஜனவரியில் பெயரை மாற்றி 'டிடி தமிழ்' ஆக்கிவிட்டார்கள். அப்பா இன்னும் பொதிகை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

இனி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர் 16 அன்று 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கிய தூர்தர்ஷனின் சொந்த டிடிஎச் சேவை இது. பின்னாளில் 'டிடி ஃப்ரீ டிஷ்' ஆனது. நாட்டில் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஆனாலும் தமிழ்நாட்டில் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது, உங்கள் கடைக்காரர் சொன்ன பாதி உண்மையும் அதுதான். ஃப்ரீ டிஷ்ஷில் தூர்தர்ஷன் சேனல்களோடு தனியார் சேனல்களும் இடம் பெறுகின்றன. அந்த இடங்களைப் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. கோடிக்கணக்கில் கொடுத்து ஏலம் எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்தி, போஜ்புரி, மராத்தி போன்ற மொழிச் சேனல்காரர்கள். விளம்பர வருமானத்தை நம்பி இலவசமாகக் கொடுக்கும் வியாபாரம் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. தமிழில் கேபிளே மலிவாக ஊடுருவிவிட்டதால் இங்குள்ள பெரிய சேனல்கள் அந்தப் பக்கம் போகவில்லை. 2011இல் தமிழக அரசு கேபிள் 70 ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கியபோது மொட்டை மாடியில் குடை வைக்க யாருக்கு அவசரம் இருந்திருக்கும்?

அதனால் ரிமோட்டை ஓட்டிக்கொண்டே போனால் இந்தி இந்தியாகத்தான் வரும். அதற்கு நடுவே அப்பாவுக்கு வேண்டியவை உட்கார்ந்திருக்கும். டிடி தமிழ், டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், மக்களவை மாநிலங்களவைக்கான சன்சத் டிவி, விவசாயத்துக்கான டிடி கிசான், பக்கத்து மாநிலத்து டிடி மலையாளம் எல்லாம் உண்டு. பலர் கவனிக்காத இன்னொன்று, அகில இந்திய வானொலி நிலையங்களும் அதே பெட்டியில் வரும். படத்தை மறந்துவிட்டு இதை ரேடியோவாகவே வைத்திருக்கிற பெரியவர்கள் எனக்குத் தெரிந்து நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

சன், விஜய், ஜீ தமிழ் போன்றவை இதில் கிடையாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 3,500 ரூபாய்க்காரர் விற்பது இந்த இடத்தில்தான். அந்தச் சேனல்கள் கட்டணச் சேனல்கள். பூட்டுப் போட்டு, அதாவது சமிக்ஞையைக் குலைத்து அனுப்பப்படுபவை. சந்தா இல்லாமல் அவற்றைக் காட்டுகிற பெட்டி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். திருட்டுச் சரக்காக இருக்கும், அல்லது சில மாதம் இணையம் வழியாக எதையோ காட்டிவிட்டுப் பிறகு கறுப்புத் திரையாகிவிடும். இரண்டு வருடத்துக்கு முன் கணவரை இழந்த ஒரு அம்மா அப்படியொரு பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஆயுள் முழுக்க" என்று எழுதிக் கொடுத்த ரசீதும் கையில் இருந்தது. பெட்டியின் ஆயுள் நாலு மாதம். விற்றவர் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டிருந்தார்.

இதே வகையில் இன்னொரு எச்சரிக்கை. ஃப்ரீ டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் என்பதே கிடையாது. "உங்கள் ஃப்ரீ டிஷ் காலாவதியாகிறது, 299 அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் அப்பாவிடம் போனை வைத்துவிடச் சொல்லுங்கள். அரசு இலவசப் பெட்டிகள் கொடுக்கிறது என்பது உண்மைதான். 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டத்தில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளை இலவசமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். அது எல்லைப்புறம், பழங்குடியினர் பகுதி, தொலைதூரப் பகுதி ஆகியவற்றுக்கானது. கடையநல்லூர்ப் பக்கம் வந்து அதற்காகப் 'பதிவுக் கட்டணம்' கேட்பவர் அரசாங்கத்து ஆள் இல்லை.

"தூர்தர்ஷன் இலவசச் சேனல்தானே, கேபிள்காரர் அதை மட்டும் சும்மா கொடுக்கக் கூடாதா?" இதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பத்திக்கு வரும் கடிதங்களில் பாதி இதைக் கேட்கின்றன. கேபிள் ஒழுங்குமுறைச் சட்டம் 1995இன்படி குறிப்பிட்ட தூர்தர்ஷன் சேனல்களைக் காட்டியே ஆகவேண்டும் என்பது கேபிள்காரருக்குக் கட்டாயம். டிடிஎச் நிறுவனங்களுக்கும் அப்படியே. ஆனால் சேனல் இலவசம் என்பது வேறு, அதைச் சுமந்துவரும் கம்பி இலவசம் என்பது வேறு. கட்டணச் சேனல் ஒன்றுகூட வேண்டாம் என்றாலும் இணைப்புக்கென்று ஒரு தொகை உண்டு. ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி அது நீண்டகாலம் 130 ரூபாய் உச்சவரம்பாக இருந்தது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. 2024இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் 250 ரூபாயில் மிச்சம், அப்பா பார்க்காத கட்டணச் சேனல்களுக்குப் போகிறது. கேபிளிலேயே தொடர்வதென்றால் அந்தச் சேனல்களை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், கொஞ்சம் குறையும். வாரத்தில் இரண்டு நாள் வராத கேபிளுக்கு அதுவும் அதிகம் என்பது என் கட்சி.

கிரிக்கெட் விஷயத்தில் ஃப்ரீ டிஷ் கேபிளை விட ஒரு படி மேல். 2007இல் ஒரு சட்டம் வந்தது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுப் போட்டிகளின் நேரலையை, உரிமம் வாங்கிய தனியார் நிறுவனம் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் இப்படித்தான் தூர்தர்ஷனுக்கு வருகின்றன. ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. அந்த நேரலை தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் சொந்த டிடிஎச்சுக்கும் மட்டும்தான், தனியார் கேபிளும் தனியார் டிடிஎச்சும் அதை எடுத்துப் போடக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அதனால்தான் கேபிளில் தூர்தர்ஷன் சேனல் இருந்தும் ஆட்ட நேரத்தில் அதில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் அப்பா இதைப் பார்த்துக் கேபிள்காரரைத் திட்டியிருந்தால், இந்த ஒரு குற்றத்திலிருந்து மட்டும் அவரை விடுவித்துவிடலாம். தரைவழி ஆண்டெனா செத்துவிட்ட நிலையில் ஃப்ரீ டிஷ் குடைதான் அந்தத் தீர்ப்பின் ஒரே வாசல். ஐபிஎல் இந்தப் பட்டியலில் இல்லை. அதை எதிர்பார்த்து யாரும் குடை வாங்க வேண்டாம்.

பெட்டி வாங்கும்போது ஒரே ஒரு சொல்லைப் பிடிவாதமாகக் கேளுங்கள்: எம்பெக்-4. எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் பழைய எம்பெக்-2 முறையிலும் மற்றவை புதிய எம்பெக்-4 முறையிலும் வருகின்றன. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும். எம்பெக்-2 பெட்டி ஒரு பகுதியை மட்டும் காட்டிவிட்டு மீதியை இல்லவே இல்லை என்று சாதிக்கும். கடைகளில் பழைய சரக்கைத் தள்ளிவிடுவதற்கு நம்மைப் போல வெளியூரிலிருந்து போனில் வாங்குபவர்கள்தான் வசதி. உங்கள் பழைய டிடிஎச் நிறுவனத்துப் பெட்டி இதற்குப் பெரும்பாலும் ஆகாது, அந்த நிறுவனத்துக்கென்றே பூட்டப்பட்டது. வீட்டில் இருப்பது அரசு கொடுத்த பழைய கலர் டிவியாக இருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பின் செருகும் துளை இருந்தால் போதும், பெட்டியிலும் அதே துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். புது டிவி என்றால் ஹெச்டிஎம்ஐ.

இப்போது குடை. பழையது உதவுமா என்றால் பெரும்பாலும் உதவும். தட்டு நசுங்காமல் இருக்க வேண்டும். மேல் துரு பரவாயில்லை, ஆனால் தட்டைத் தாங்குகிற கைமூட்டு துருப்பிடித்துத் திருக முடியாமல் இருந்தால் தூக்கிப் போடுங்கள். அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அலையைப் பிடிக்கும் தலையான எல்.என்.பி.யைப் புதிதாக மாற்றிவிடுங்கள். 'யுனிவர்சல்' என்று கேட்டு வாங்க வேண்டும், சில நூறு ரூபாய்தான். மாடியில் வருடக்கணக்கில் வெயிலும் மழையும் தின்ற எல்.என்.பி.யோடு மல்லுக்கட்டி நான் வீணாக்கிய நாட்களை எண்ணினால் ஒரு வருடம் தேறும். குடையிலிருந்து பெட்டிக்கு வரும் கம்பியையும் 'ஆர்ஜி-6' வகையில் புதிதாகப் போடுங்கள். பழைய கம்பியின் முனையை உரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும்.

இதில் ஒரு நுணுக்கம். குடை வாடகைத் திட்டத்தில் வந்ததா, சொந்தமாக வாங்கியதா என்று பாருங்கள். வாடகைக்கு வந்தது என்றால் அது நிறுவனத்தின் சொத்து.

அது எந்த நிறுவனத்துக் குடை என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட அது, பூமத்திய ரேகைக்கு மேலே கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. சன் டைரக்ட்டின் செயற்கைக்கோள்கள் 91.5, 93.5 டிகிரிப் பக்கம். டிஷ் டிவி 95. இந்த இரண்டில் ஒன்றாக இருந்தால் குடையை ஒரு மயிரிழை அசைத்தாலே கிடைத்துவிடும், அசைக்காமலேகூடக் கிடைக்கலாம். டாடா பிளே 83 டிகிரி, ஏர்டெல் 108க்குச் சற்று மேல். இவை என்றால் தட்டை நன்றாகத் திருப்பியே ஆகவேண்டும்.

உங்கள் தம்பியின் மலைக்கு வருகிறேன். திருவனந்தபுரத்துத் தரைவழி ஒளிபரப்பை மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்த காலத்தில் அவன் சொல்வது சரி. ஆனால் மலை மேற்கே இருக்கிறது, ஜிசாட்-15 கிழக்கே இருக்கிறது. கடையநல்லூரில் நின்று பார்த்தால் அதன் திசை வடக்கிலிருந்து சுமார் 118 டிகிரி, அதாவது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவில். ரூபவாகினிக்காக அன்று ஆண்டெனாவைத் திருப்பிய திசையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? பிதுருதலாகல மலை உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தட்ட 120 டிகிரி. அதே திசைதான். எண்பதுகளில் மாடியேறிய பெரியவர் யாராவது தெருவில் இருந்தால், "ரூபவாகினி எங்கே பார்த்து வைத்தீர்கள்?" என்று கேளுங்கள், சரியாகக் கையைக் காட்டுவார். ஒரே வித்தியாசம், அன்று தொடுவானத்தைப் பார்த்தோம், இன்று தலையை நிமிர்த்தி சுமார் 68 டிகிரி உயரத்தைப் பார்க்க வேண்டும். சென்னையிலும் உயரம் இதே 68தான், ஆனால் திசை 134 டிகிரிக்குப் போய்விடும். ஆகவே சென்னையில் உங்கள் வீட்டுக் குடையைப் பார்த்துவிட்டு, "இப்படி வையுங்கள்" என்று போனில் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இவ்வளவு உயரமாகப் பார்ப்பதில் ஒரு லாபம், தென்னை மரம் அநேகமாகத் தொந்தரவு செய்யாது. 50 அடித் தென்னை குடைக்கு முன்னால் 20 அடிக்குள் நின்றால்தான் மறைக்கும். அதைத் தாண்டி நிற்கும் மரத்தை யாரும் வெட்டச் சொன்னால் வெட்டாதீர்கள்.

பொருத்துகிறவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். குழாய் தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக நிற்க வேண்டும். அது சாய்ந்திருந்தால் மற்ற கணக்கெல்லாம் பொய். பழைய ஆண்டெனாக் குழாயில் குடையைக் கட்டச் சொல்லாதீர்கள். ஆடிக் காற்றில் அது ஆடும், குடை அரை விரற்கடை ஆடினாலும் படம் நின்றுவிடும். சுவரோரமாகத் தளத்தில் போல்ட் அடித்த குட்டைக் குழாயே நல்லது. இரண்டாவது, பெட்டித் திரையில் இரண்டு பட்டைகள் வரும். ஒன்று பலம், மற்றொன்று தரம். பலம் 90 காட்டுகிறது என்று துள்ளக்கூடாது. கம்பியும் எல்.என்.பி.யும் உயிரோடு இருப்பதைத்தான் அது சொல்கிறது, குடை வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் 90 காட்டும். செயற்கைக்கோள் அகப்பட்டால்தான் தரம் ஏறும். தொடக்க காலத்தில் ஒரு ஆசிரியர் வீட்டில் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை பலத்தைப் பார்த்தே குடையைத் திருகிக்கொண்டிருந்தேன். அவருடைய மனைவி மூன்று முறை காப்பி கொடுத்தார். தரம் கடைசி வரை பூஜ்யம்.

மூன்றாவதை நம் பக்கத்து ஆட்கள் பலரும் மறந்துவிடுகிறார்கள். எல்.என்.பி.யை அதன் பிடியில் திருக வேண்டும். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கே இல்லாமல் கிழக்கே ஒதுங்கி நிற்பதால், அதன் அலை நம்மிடம் சாய்ந்து வந்து சேர்கிறது. தெற்கே போகப் போக இந்தச் சாய்வு அதிகம். சென்னையில் சுமார் 45 டிகிரி என்றால் உங்கள் ஊரில் 60. குடை சரியாக நின்ற பிறகு எல்.என்.பி.யை மெல்ல மெல்லத் திருகி, தரம் அதிகபட்சம் ஏறும் இடத்தில் முடுக்க வேண்டும். வெயில் நாளில் இதைச் செய்யாமலும் படம் வந்துவிடும். முதல் மழைக்கே போய்விடும், அப்போது 'ஃப்ரீ டிஷ் என்றாலே இப்படித்தான்' என்று பெயர் கெடும். கம்பியைக் கழற்றி மாட்டும்போது பெட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும். அதில் போவது 13 அல்லது 18 வோல்ட்தான், ஆளுக்கு ஆபத்தில்லை, ஆனால் முனை உரசினால் பெட்டி போய்விடும். குழாய்க்கு எர்த் கம்பி இறக்கிவிடச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் சித்திரை, ஐப்பசி இடி சாதாரணமானதல்ல. எந்தக் காரணம் கொண்டும் அப்பாவை மாடியேற விடாதீர்கள். பழைய ஆண்டெனாப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் அடைமழையில் சில நிமிடம் படம் உறையும். இந்த அலைவரிசையின் இயல்பு அது, பணம் கட்டும் டிடிஎச்சுக்கும் அதே கதிதான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், மேகமே இல்லாத காலை 11 மணி வாக்கில் படம் சில நிமிடம் சிதறும். சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும் நேரம் அது. தானே சரியாகிவிடும். யாரையும் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம். ஏலம் முடிந்து சேனல்கள் இடம் மாறினால் மட்டும் பெட்டியில் மறுபடி ஒருமுறை தேடல் கொடுக்க வேண்டியிருக்கும். டிடி தமிழ் காணாமல் போய்விட்டது என்று அப்பா சொன்னால் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

இணையம் வழியாகவும் பார்க்கலாம். பிரசார் பாரதி 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இலவசச் செயலியைத் தொடங்கியது, தூர்தர்ஷன் சேனல்கள் அதில் வருகின்றன. கிராமத்தில் வைஃபை இருந்தால் யோசிக்கலாம். 79 வயதில் கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி, விட்டுப்போன விவரம். பெற்றோர் என்று தொடங்கினீர்கள். அப்பாவின் செய்தி, அப்பாவின் பாட்டு, அப்பாவின் நாடாளுமன்றம், அப்பாவின் கிரிக்கெட் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன பார்க்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. மாலைச் செய்தி முடிந்த பிறகு அந்த ரிமோட் யார் கைக்குப் போகிறது? கேபிளை வெட்டிவிட்டுக் குடை வைத்த வீடுகளில் பத்தாவது நாள் எனக்குப் போன் வந்திருக்கிறது. பேசுவது ஐயாவாக இருந்தாலும் பின்னால் நிற்பது அம்மாதான். அவர் இரவு எட்டு மணிக்குத் தனியார் சேனல் தொடர் எதையாவது பார்ப்பவர் என்றால் அது ஃப்ரீ டிஷ்ஷில் வராது. அவர் தானாக வாய் திறந்து குறை சொல்லவும் மாட்டார்.

அதனால் கேபிளை உடனே நிறுத்தாதீர்கள். குடையை வைத்து, ஒரு மாதம் இரண்டையும் ஓடவிடுங்கள். டிவியில் இரண்டு துளைகளில் இரண்டு பெட்டிகளும் நிற்கும். அந்த மாதத்தில் எந்தப் பெட்டியில் விளக்கு அதிக நேரம் எரிகிறது என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு இரண்டு மூன்று சேனல்தான் வேண்டும் என்றால், கேபிளை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கேபிள் வராத இரண்டு நாளுக்கும் கிரிக்கெட்டுக்கும் குடை இருக்கும். வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அப்போது நிறுத்துங்கள். கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது எழுத்தில் ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதம் கழித்துப் 'பாக்கி' என்று வந்து நிற்பார்கள்.

ரிமோட் இரண்டாகிவிடும் என்பதுதான் பெரியவர்களுக்கு உண்மையான தொல்லை. ஃப்ரீ டிஷ் ரிமோட்டில் ஒரு சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பெட்டியில் 'விருப்பப் பட்டியல்' என்று ஒரு வசதி இருக்கும். அதில் முதல் ஐந்து இடங்களுக்கு டிடி தமிழ், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், சன்சத் டிவியின் இரண்டு சேனல்கள் என்று பொருத்துகிறவரையே போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது அந்த வரிசையைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். டிடி தமிழ் என்பதற்குப் பக்கத்தில் 'பொதிகை' என்றும் எழுதுங்கள்.